வெறும் தண்ணீர் காட்டிய சூடு

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக என் வேலை நாட்களைப் பற்றி ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். முப்பத்து மூன்று வருஷத்தில் சொல்லிக்கொள்ளும்படியான காரியங்கள் சில செய்திருக்கிறேன். அவையெல்லாம் அறிக்கைகளில் இருக்கின்றன, வேண்டுமானால் படித்துக்கொள்ளலாம். இங்கே எழுதப்போவது ஒரு தப்பைப் பற்றி. ஓய்வு பெற ஒன்றரை வருஷம் இருக்கும்போது, எல்லாம் தெரியும் என்று நினைத்திருந்த வயதில், நான் செய்த தப்பு அது.

அப்போது செம்பூரில் நம் ஆய்வகத்தின் இரண்டாவது மாடியில் காந்த நானோ துகள்களை வைத்து வேலை செய்துகொண்டிருந்தோம். பார்வைக்கு அவை கறுப்புத் தண்ணீர். இரும்புத் துரு குடும்பத்தைச் சேர்ந்த பொடி, ஒவ்வொரு துகளும் கண்ணுக்கு எட்டாத சிறிசு. உடம்பில் புற்றுநோய்க் கட்டி இருக்கும் இடத்துக்கு இதைக் காந்தத்தால் இழுத்துக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, வெளியிலிருந்து அகச்சிவப்பு லேசரைக் காட்டினால் துகள்கள் ஒளியை வாங்கிச் சூடாகும். அந்தச் சூட்டில் கட்டி வாட வேண்டும். இதுதான் யோசனை.

எங்கள் பங்கு ஒன்றே ஒன்று. இத்தனை ஒளி கொடுத்தால் இந்தத் துகள்கள் எவ்வளவு சூடு தருகின்றன என்று அளந்து சொல்ல வேண்டும். கேட்கச் சுலபமாக இருக்கும். ஒரு சின்னக் குப்பியில் கறுப்புத் தண்ணீர், மேலேயிருந்து லேசர், உள்ளே வெப்பத்தை அளக்கும் மெல்லிய கம்பி. ஏறுவதைக் குறித்துக்கொள், லேசரை அணை, இறங்குவதைக் குறித்துக்கொள், கணக்குப் போடு.

இந்த அளவெடுப்புக்குப் பொறுப்பு நான். துகள்களைச் செய்தவள் நித்யா, முலுண்டிலிருந்து தினமும் வந்துபோகும் ஆராய்ச்சி மாணவி. அவளுடைய முனைவர் பட்டம் முழுவதும் இந்த எண்ணின் மேல்தான் நின்றது. எங்கள் குழுத் தலைவர் ஒரு மராட்டிக்காரர். எல்லோருக்கும் அவர் ஸர்தான். அவரோடு நாங்கள் இந்தியும் ஆங்கிலமுமாகப் பேசுவோம். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

குப்பியையும் கம்பியையும் பிடித்து நிறுத்த முதலில் இருந்த ஸ்டாண்டில் கம்பியின் நுனி குப்பியின் ஓரமாக நிற்கும். ஏறுவது மெதுவாகத் தெரியும், ஒவ்வொரு அளவுக்கும் அரை மணி போகும். எனக்குப் பொறுமை இல்லை. நானே படம் வரைந்து, நுனி நட்டநடுவில், தண்ணீர் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே நிற்கும்படி புது ஸ்டாண்ட் ஒன்று செய்ய வைத்தேன். அன்றிலிருந்து எண்கள் விறுவிறுவென்று ஏறின. ஸருக்குச் சந்தோஷம். மாடியில் அதற்கு என் பெயரையே போட்டு 'வசந்தா ஸ்டாண்ட்' என்று ஆக்கிவிட்டார்கள். யாரோ அதன் மேல் ஒரு சீட்டுகூட எழுதி ஒட்டினார்கள். நான் அதை எடுக்கவில்லை.

புது ஸ்டாண்ட் வந்த வாரம் நித்யா ஒன்று கேட்டாள். "மேடம், ஸ்டாண்ட் மாத்தியாச்சே, துகள் இல்லாம வெறும் தண்ணி ஒரு தடவை ரன் பண்ணிடலாமா?"

"அதான் பழசுல பண்ணியிருக்கோமே. தண்ணி தண்ணிதானே, மாறவா போறது?" என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள். எனக்கு அந்த உரையாடல் அன்று மாலையே மறந்துபோயிற்று.

ஐந்து மாதம் கழித்து எங்கள் எண் நாலு பேர் பேசும்படி ஆகியிருந்தது. கட்டுரை அனுப்பத் தயாராக இருந்தது. முலுண்ட் தாண்டி இருக்கும் ஒரு ஆஸ்பத்திரியின் ஆராய்ச்சிப் பிரிவில் டாக்டர் ஸ்மிதா என்பவர் எலிகளில் பரிசோதிக்க ஒப்புக்கொண்டிருந்தார். எந்த எலிக்கு எவ்வளவு துகள், எத்தனை நிமிடம் லேசர் என்பதெல்லாம் எங்கள் எண்ணிலிருந்துதான் வர வேண்டும். புதன்கிழமை ஆரம்பிப்பதாகப் பேச்சு. தங்கள் இடத்திலேயே அளந்து பார்க்க எங்கள் ஸ்டாண்ட் மாதிரியே நாலு வேண்டும் என்றும் கேட்டிருந்தார்கள்.

அதற்காக அந்தச் சனிக்கிழமை காலை தாராவிக்குப் போனேன். தொண்ணூறு அடி ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் காதர் பாயின் பட்டறை. கடையநல்லூர்க்காரர், என் வயதுதான் இருக்கும். இரண்டு மோல்டிங் மிஷினில் பாட்டில் மூடி போடுகிறார், மூலையில் ஒரு லேத் வைத்திருக்கிறார். எங்கள் சில்லறை வேலைகளைப் பல வருஷமாகச் செய்துகொடுப்பவர். வசந்தா ஸ்டாண்டை மட்டும் அவசரத்தில் வேறு இடத்தில் செய்திருந்தோம், அவர் அதைப் பார்த்ததில்லை.

"வாங்கக்கா, இருங்க. சாயா சொல்லட்டா?" என்று ஸ்டாண்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மேல எதுக்கு இம்புட்டுப் பெரிய தொறப்பு?"

"அது வழியாத்தான் லேசர் வரும் பாய். கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம். கீழே குப்பியில இருக்கற தண்ணியில பட்டுச் சூடாகும்."

"கம்பி?"

"குப்பிக்கு நடுவுல நிக்கும். எவ்வளவு சூடுன்னு காட்டும்."

அவர் ஸ்டாண்டைத் தலைக்கு மேலே தூக்கி, மேல் திறப்பு வழியாகக் குழல்விளக்கைப் பார்த்தார். கம்பி நுழையும் துளையில் ஒரு ஆணியை விட்டு மறுபடி பார்த்தார்.

"அப்ப வெளிச்சம் நேரா கம்பி மேலல்லா விழும்?"

"தண்ணி மேல விழும் பாய்."

"தண்ணி மேலயும் விழும், கம்பி மேலயும் விழும். கண்ணுக்குத் தெரியாதுன்னு சொல்லுதீங்க. தெரியலன்னாலும் விழுறது விழத்தான செய்யும்?" ஸ்டாண்டைக் கீழே வைத்துவிட்டு மோல்டிங் மிஷினைக் காட்டினார். "போன நோம்புக்கு முன்னால இதுல ஒரு கூத்து நடந்துச்சு. சூட்டக் காட்டுற கம்பி நழுவி ஹீட்டர் பட்டையில போய் ஒட்டிக்கிட்டு. மீட்டர் எரநூறு காட்டுது, உள்ள பிளாஸ்டிக் கல்லு மாதிரி நிக்கி. ரெண்டு நாளு சரக்குக் குடுத்தவனத்தான் திட்டிக்கிட்டு இருந்தேன். கம்பி அதோட சூட்டச் சொல்லுதுக்கா. நாமதான் அத பிளாஸ்டிக்கோட சூடுன்னு நெனச்சிக்கிடுதோம்."

எனக்குக் காதெல்லாம் சுட்டது. சாயா வந்தது, குடித்தேனா என்று நினைவில்லை.

"நாலுலயும் ஓட்டைய நடுவுலயே போட்டுரட்டா?"

"வேண்டாம் பாய். இன்னிக்கு ஒண்ணும் பண்ண வேண்டாம்" என்று ஸ்டாண்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தேன்.

சயான் ஸ்டேஷனுக்கு நடந்தே போய், குர்லாவில் மாறி, செம்பூரில் இறங்கினேன். வழி முழுவதும் மனசுக்குள் வக்கீல் மாதிரி வாதாடிக்கொண்டே வந்தேன். கம்பி எவ்வளவு மெல்லிசு, அதன் மேல் எவ்வளவு ஒளிதான் விழுந்துவிடும். எங்கள் தண்ணீர் கறுப்பு, கம்பி வரைக்கும் ஒளி போயே சேராது. ஆனால் நாங்கள் பயன்படுத்தியது நீர்த்த கரைசல். கறுப்பு என்று பெயர்தான், உண்மையில் வெளிறிய டீ நிறம். அதன் வழியாக நுனி எனக்கே தெரியும்.

சனிக்கிழமையானாலும் நித்யா மாடியில் இருந்தாள், படங்கள் சரிசெய்துகொண்டிருந்தாள். நான் விஷயத்தைச் சொன்னேன். அவள் குப்பியைக் கழுவி, வெறும் தண்ணீரை ஊற்றி, வசந்தா ஸ்டாண்டில் வைத்தாள். கண்ணாடி மாட்டிக்கொண்டு லேசரைப் போட்டோம்.

ஒரு துகள்கூட இல்லாத தண்ணீர். மீட்டர் ஏற ஆரம்பித்தது. நாங்கள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்த அதே விறுவிறுப்போடு பதினொரு டிகிரி ஏறி நின்றது; துகள்களோடு அளந்தபோதே பத்தொன்பதுதான் ஏறியிருந்தது.

பிறகு கம்பியின் நுனியை லேசர் படாத ஓரத்துக்கு நகர்த்தி மறுபடி பார்த்தோம். ஒரு டிகிரிக்குச் சற்று மேலே, அவ்வளவுதான்.

நித்யா ஸ்டூலில் உட்கார்ந்தாள். "அப்ப நம்ம சூட்டுல பாதிக்கு மேல கம்பியோடதா மேடம்?"

"ஆமாம்."

"நான் அப்பவே தண்ணி ரன் பண்ணலாமான்னு கேட்டேன்." கோபமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிற மாதிரிதான் சொன்னாள்.

"கேட்டே. நான்தான் வேண்டாம்னேன்."

குப்பியைத் துடைத்து வைத்துவிட்டு அவள், "ஸருக்கு இப்பவே ஃபோன் பண்ணிடலாமா?" என்றாள்.

இனி வருவதைக் கவனித்துப் படியுங்கள். இதற்காகத்தான் இதை எழுதுகிறேன். அவளுடைய ஐந்து மாத வேலை அந்தக் குப்பியில் கரைந்துபோயிருந்தது, பட்டம் ஒரு வருஷமாவது தள்ளிப்போகும் என்று அவளுக்குத் தெரியும். அப்படியிருந்தும் ஃபோன் பண்ணலாமா என்று கேட்டவள் அவள்தான். நான் சொன்னது இது:

"இரு. புதன்கிழமைதானே ஆரம்பிக்கறா. திங்கள் காலைல வேற கம்பி போட்டு இன்னொரு தடவை பார்த்துட்டு, உறுதியாச் சொல்லலாம். அதுவரைக்கும் யார்கிட்டயும் பேசாதே."

காதுக்கு எவ்வளவு பொறுப்பாக இருக்கிறது பாருங்கள். இன்னொரு தடவை பார்த்துவிட்டுச் சொல்வது எங்கள் தொழிலில் நல்ல பழக்கம்தான். ஆனால் அன்று எனக்கு இன்னொரு தடவை பார்க்க ஒன்றும் இருக்கவில்லை. பதினொன்றும் ஒன்றும் எந்தக் கம்பி போட்டாலும் பதினொன்றும் ஒன்றும்தான். எனக்கு இருந்தது பயம். முப்பது வருஷத்துப் பெயர், சீட்டு ஒட்டிய ஸ்டாண்ட், ஓய்வு பெறும் சமயத்தில் ஸர் முகத்தில் என்ன பார்க்கப்போகிறேன் என்ற பயம். அதற்கு நிதானம் என்று பெயர் வைத்துக்கொண்டு மாட்டுங்காவில் இருக்கும் வீட்டுக்கு ரயில் ஏறினேன்.

ஞாயிறு காலை மார்க்கெட்டுக்குப் போனேன், முருங்கைக்காய் வாங்கினேன், ரசம் வைத்தேன். என் கணவர் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "உப்பே இல்லையே, உடம்பு சரியில்லையா?" என்றார். மத்தியானம் நித்யாவிடமிருந்து ஒரு வரி வந்தது. "மேடம், ஸர்கிட்ட பேசியாச்சா?" பதில் எழுதப் போய் நாலு தடவை அழித்தேன். நாலு மணிக்கு ஸருக்கு ஃபோன் பண்ணினேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குறுக்கே பேசவில்லை. கடைசியில் ஒரே கேள்வி கேட்டார்.

"உங்களுக்கு எப்போது தெரிந்தது?"

"நேற்று மத்தியானம், ஸர்."

பிறகு சொன்னார்: "டாக்டர் ஸ்மிதா புதன் வரை காத்திருக்கவில்லை, நாளைக்கே ஆரம்பிக்கிறார். இன்று காலைதான் மெயிலில் நம் எண்ணைக் கேட்டார். இன்று காலைதான் அனுப்பினேன்."

ஸ்டாண்ட் விஷயத்தில் செய்தது தப்பு, எல்லோருக்கும் நேரக்கூடியது. சனிக்கிழமை மத்தியானத்துக்கும் ஞாயிறு மாலைக்கும் நடுவில் நான் செய்தது அப்படி இல்லை. என் மௌனம் போய் இன்னொருவரின் வேலைக்குள் உட்கார்ந்துவிட்டது.

டாக்டர் ஞாயிறு மாலையில் ஃபோன் எடுக்க மாட்டார். ஸர் மூன்று முறை அழைத்துப் பார்த்தார், மெயிலும் போட்டார். காலை எட்டு மணிக்கு ஆரம்பிக்கிறார்கள், அதற்குள் அவர் மெயில் பார்ப்பாரா என்பது தெரியாது.

"நான் நேரில் போகிறேன், ஸர்."

"போங்கள்" என்றார்.

திங்கள் காலை ஆறு மணி லோக்கலில் முலுண்டுக்குப் போனேன். அந்த நேரத்தில் கூட்டமெல்லாம் எதிர்ப்பக்கம் போகும், எனக்கு ஜன்னலோரம் கிடைத்தது. நித்யா ஸ்டேஷன் வாசலில் ஆட்டோவை நிறுத்தி வைத்துக்கொண்டு காத்திருந்தாள். "நான் வர வேண்டாம்னு சொல்லிடாதீங்க" என்றாள். நான் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் பின்பக்கம், எலிகளை வைத்திருக்கும் அவர்களுடைய அனிமல் ஹவுஸ். உள்ளே போக அனுமதிச்சீட்டு வேண்டும் என்று காவலாளி நிறுத்திவிட்டார். நித்யா இந்தியில் கெஞ்சினாள், பிறகு மராட்டியில் கெஞ்சினாள். ஒருவழியாக உள்ளே சொல்லி அனுப்பினார்கள். ஏழே முக்காலுக்கு டாக்டர் ஸ்மிதா பச்சை அங்கியும் தொப்பியுமாக வாசலுக்கு வந்தார். ஒல்லியான, வேகமான பெண்மணி, ஐம்பதைத் தொடும் வயது. கையுறையைக் கழற்றவில்லை.

"சீக்கிரம் சொல்லுங்கள். முதல் எலிக்கு மயக்க மருந்து கொடுத்தாகிவிட்டது."

"எங்கள் எண் தப்பு டாக்டர். துகள்களின் சூட்டோடு எங்கள் கம்பியின் சூடும் சேர்ந்திருக்கிறது. உண்மையான சூடு அதில் பாதிகூட இல்லை."

"நான் இன்றைக்கு நடத்தியிருந்தால்?"

"ஒன்றும் ஆகியிருக்காது. சூடு போதாமல் கட்டி அப்படியே இருந்திருக்கும். இந்த முறை வேலை செய்யாது என்று நீங்கள் எழுதி மூடியிருப்பீர்கள்."

"இது உங்களுக்கு எப்போது தெரிந்தது?"

இரண்டு நாளில் இரண்டாவது முறை அதே கேள்வி. "சனிக்கிழமை" என்றேன். "பயந்துபோய்ச் சொல்லாமல் இருந்துவிட்டேன்."

நித்யா என் பக்கத்தில் நகராமல் நின்றாள். டாக்டர் உள்ளே திரும்பி, "அதை எழுப்பிக் கூண்டில் விடுங்கள். இன்றைக்கு எதுவும் இல்லை" என்று குரல் கொடுத்தார். என்னிடம், "சரியான எண் எப்போது வரும்?" என்றார்.

"மூன்று வாரம்."

"மூன்று வாரத்தில் நீங்களே கொண்டு வாருங்கள். மெயில் வேண்டாம்."

அன்று மத்தியானக் கூட்டத்தில் ஸர், "வசந்தா, நீங்களே சொல்லுங்கள்" என்றார். பதினான்கு பேர் முன்னால் எழுந்து நின்று, தண்ணீர் தண்ணீர்தானே என்று நான் சொன்னதிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

அடுத்த மூன்று வாரமும் என் வேலை வாழ்க்கையிலேயே சந்தோஷமான நாட்களில் சேர்த்தி. நம்ப மாட்டீர்கள். கட்டுரையை நிறுத்தி வைத்தோம். காதர் பாய் கம்பி ஓரமாக, லேசர் படாத நிழலில் நிற்கும்படி புது ஸ்டாண்ட் செய்துகொடுத்தார். பக்கத்துப் பிரிவிலிருந்து கண்ணாடி இழைத் தெர்மாமீட்டர் ஒன்றைக் கடன் வாங்கினோம். கண்ணாடி அந்த ஒளியைக் குடிக்காது, அதனால் கம்பி சொல்வதை அதை வைத்துச் சரிபார்த்தோம். தினமும் முதல் அளவு வெறும் தண்ணீர், இது நித்யா போட்ட விதி. அவள் சொன்னாள், நான் செய்தேன். உடம்புக்குள் ஒளி எவ்வளவு தூரம் போகும் என்று பார்க்கக் கோழிக்கறித் துண்டுகளில் துகள்களை ஏற்றி அளந்தோம். பிறந்ததிலிருந்து கறியைத் தொடாத நான், கையுறை மாட்டிக்கொண்டு அதை ஸ்கேலால் அளந்து வெட்டினேன். வீட்டில் இதைச் சொல்லவில்லை.

புது எண் பழையதில் பாதிகூட இல்லை. நித்யா அதை நோட்டில் எழுதிவிட்டு, அதன் கீழே கோடு போட்டாள்.

"சின்னதா இருக்கு மேடம்."

"இருக்கட்டும். இது முழுக்க உன் துகள்களோட சூடு."

அவளுக்குப் பட்டம் பதினான்கு மாதம் தாமதமாகத்தான் வந்தது. பொய்ச் சூட்டைப் பற்றி ஒரு அத்தியாயமே எழுதியிருந்தாள். அதில் யாரையும் குற்றம் சொல்லவில்லை. என் பெயர் நன்றியுரையில் மட்டும்தான் இருந்தது. அந்தப் பக்கத்தை நான் அவள் எதிரில் படிக்கவில்லை, வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்தேன்.

எலிப் பரிசோதனைக்குச் சொன்ன தேதியில் போனோம். துகள் அளவை இரண்டு மடங்குக்கு மேல் கூட்டியிருந்தோம். ரத்த ஓட்டம் எடுத்துக்கொண்டு போகும் சூட்டுக்காக டாக்டர் ஸ்மிதா தன் கணக்கில் கொஞ்சம் கழித்தார். ஆரம்பிப்பதற்கு முன், "கட்டியின் சூடு எந்த டிகிரியில் நிற்கும் என்று நினைக்கிறீர்கள்? எழுதுங்கள்" என்று ஒரு தாளை நீட்டினார். நித்யா என்னைப் பார்த்தாள். நான் பேனாவை அவளிடம் கொடுத்தேன். அவள் நாற்பத்து நான்கு என்று எழுதினாள்.

கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். முப்பத்தாறில் ஆரம்பித்து மெதுவாக ஏறியது. வசந்தா ஸ்டாண்டில் ஏறிய மாதிரி இல்லை, சோம்பேறித்தனமாக, ஒவ்வொரு டிகிரிக்கும் யோசித்து யோசித்து ஏறியது. நாற்பதில் கொஞ்சம் தயங்கியது. நித்யாவின் விரல்கள் என் மணிக்கட்டை இறுக்கின. நாற்பத்திரண்டு, கட்டி வாட ஆரம்பிக்கும் சூடு. நாற்பத்து மூன்று. நாற்பத்து மூன்றரை தாண்டி, நாற்பத்து நான்குக்கு ஒரு நூலிழை கீழே வந்து நின்றது. அப்புறம் நகரவே இல்லை.

டாக்டர் தாளைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். எங்கள் பக்கம் திரும்பவும் இல்லை, பாராட்டி ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. தாளை மடித்து அங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு உதவியாளரிடம் சொன்னார்:

"அடுத்ததைக் கொண்டு வாருங்கள்."